தேஞ்சதும் உக்கினதும் ஒண்டில்லை: மெல்ல மெல்ல இல்லாமப் போறதுக்கு எங்கட சொல்லுகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

என்ர அப்பா நெல்லியடிப் பக்கம் சைக்கிள் கடை வைச்சிருந்தவர். ஆரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து "இது பழுதாப் போச்சண்ணை" எண்டா அவருக்குப் பிடிக்காது, "பழுது எண்டா என்ன பழுது, தேஞ்சதோ, கறள் திண்டதோ, இத்துப்போச்சோ, அதை முதல்ல சொல்லு" எண்டு கேப்பார், ஏனெண்டா ஒவ்வொண்டுக்கும் வேலை வேற. தேஞ்சா மாத்தவேணும், கறள் எண்டா மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி எண்ணெய் விட்டுப் பாக்கலாம், இத்துப்போனா அதில ஏறி ஓடவே கூடாது. இப்ப எல்லாத்துக்கும் "டமேஜ்" எண்ட ஒரு சொல்லோட காரியம் முடியுது. கனடாவில இருக்கிற மருமகள், ரியூசனுக்கு வாற பிள்ளையள், சென்னையில இருக்கிற ஒரு சிநேகிதர் எண்டு மாறி மாறி என்னட்டைக் கேட்டதுகளைச் சேத்து இதில எழுதுறன். நான் எழுதுறது யாழ்ப்பாணத்தில, அதிலயும் வடமராட்சிப் பக்கம் கேட்டு வளந்த பேச்சு, உங்கட ஊரில கொஞ்சம் மாறியிருக்கலாம்.

தேயுறது எண்டா சரியா என்ன?

உரசல் இருக்கவேணும், அதுதான் முக்கியம். ரெண்டு பொருள் ஒண்டோட ஒண்டு உரஞ்சி உரஞ்சி அதில ஒண்டு குறையிறதுதான் தேயுறது. செருப்பு தேயும், ரயர் தேயும், பிறேக் கட்டை தேயும், கிணத்துக் கப்பி தேயும். தேஞ்ச பொருளைப் பாத்தீங்களெண்டா மிச்சம் இருக்கிறது நல்ல பொருளாத்தான் இருக்கும், பலம் அப்பிடியே இருக்கும், அளவு மட்டும் குறைஞ்சிருக்கும். தேஞ்ச கரண்டி இன்னும் கரண்டிதான்.

சைக்கிள் சங்கிலியை எடுங்கோ. கன நாள் ஓடினா "சங்கிலி நீண்டு போச்சு" எண்டு சொல்லுவினம், ஆனா அங்க இரும்பு இழுபட்டு நீளுறதில்லை, ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கிற ஆணி உள்ளுக்க உரஞ்சித் தேஞ்சு கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி வருது, நூறுக்கு மேல கண்ணி இருக்கிறதால எல்லா இடைவெளியும் சேந்து முழுச் சங்கிலியும் நீண்டமாதிரித் தெரியுது. அப்பா இதைச் சொல்லித்தான் "நீண்டது எண்டு சொல்லாத, தேஞ்சது எண்டு சொல்லு" எண்டுவார், நீண்டது எண்டு நினைச்சு ஒரு கண்ணியைக் கழட்டிப்போட்டுத் திருப்பி மாட்டினா சங்கிலி பல்லுச் சில்லில சரியா இருக்காது, பேந்து அந்தப் பல்லையும் சேத்துத் தேச்சுப்போடும்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" எண்ட பழமொழியிலயும் உரசல்தான் இருக்கு பாருங்கோ, எறும்பின்ர கால் அளவு உரசல் எண்டாலும்.

அப்ப சந்திரன் தேயுது எண்டுறமே, அதை ஆர் உரசினது?

நல்ல கேள்வி, ஒரு சின்னப்பிள்ளை கேட்டது. சந்திரன் உண்மையா ஒண்டும் குறையிறதில்லை, வெளிச்சம் படுற பக்கத்தில எங்களுக்குத் தெரியிற பங்குதான் குறையுது, இருபத்தொன்பதரை நாளில ஒருக்கா அந்தச் சுத்து முடியும். பாக்கிற கண்ணுக்கு ஓரத்தில இருந்து ஆரோ உரஞ்சி எடுக்கிறமாதிரி இருக்கிறதால தேய்பிறை எண்டு பேர் வந்திருக்கு. எங்கட பக்கம் திதி பாக்கேக்க தேய்பிறை எண்டு அவ்வளவு சொல்லுறதில்லை, பஞ்சாங்கத்திலயும் நினைவஞ்சலி நோட்டீசிலயும் "அபரபக்க தசமி" "பூர்வபக்க பஞ்சமி" எண்டுதான் இருக்கும். அபரபக்கம்தான் தேய்பிறை, பூர்வபக்கம் வளர்பிறை. வெளிநாட்டில அப்பம்மாவின்ர திவசத்துக்கு நாள் பாக்கிற பிள்ளையள் இதில குழம்புறதைக் கண்டிருக்கிறன், அதாலதான் சொல்லுறன்.

தேயுது எண்டுறதுக்கும் தேய்க்கிறது எண்டுறதுக்கும் என்ன வித்தியாசம்?

தேயுது எண்டா தானா நடக்குது, தேய்க்கிறது எண்டா ஒருத்தர் செய்யிறார். "சட்டி தேஞ்சிட்டுது", "சட்டி தேச்சன்". திருக்குறளில ரெண்டும் அழகா இருக்கு. 888ஆவது குறளில உட்பகை வந்த குடி "அரம்பொருத பொன்போலத் தேயும்", அரம் எண்டுறது தட்டாரும் இரும்பு வேலை செய்யிற ஆக்களும் ராவுற அந்த அரம்தான். 555ஆவது குறளில குடிகள் அழுத கண்ணீர் "செல்வத்தைத் தேய்க்கும் படை". முதலாவதில குடி தானாக் குறையுது, அடுத்ததில கண்ணீர் அரமா நிண்டு ராவுது. இந்தச் சின்ன வித்தியாசத்தில பழி ஆரில எண்டது மாறிப்போகுது, இதைக் கீழ வீட்டுக் கதையில திருப்பிச் சொல்லுவன்.

இன்னொண்டு, சென்னைக்குப் போனா "துணி தேய்க்கக் குடுங்க" எண்டு கேப்பினம். எனக்கு முதல் நாள் விளங்கேல்லை, உடுப்பை ஏன் தேய்க்கிறது, நூல் போயிடுமே எண்டு நினைச்சன். அங்க அது அயன் பண்ணுறது, நாங்கள் மினுக்கிறது எண்டுவம். எண்ணெயும் அப்பிடித்தான், அவை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பினம், நாங்கள் எண்ணெய் வைச்சு முழுகுவம். பல்லும் எங்களுக்குத் தீட்டுறதுதான். அதால எங்கட காதுக்குத் தேய்க்கிறது எண்ட சொல்லில குறையிற எண்ணம் கொஞ்சம் கூடவே ஒட்டியிருக்கு எண்டு எனக்குப் படுது.

நைஞ்சு போறது, இத்துப்போறது, உக்கிறது, உளுத்துப்போறது எல்லாம் ஒண்டுதானே?

இல்லை, இதிலதான் கனக்க விசயம் இருக்கு.

ஒரு தும்புக்கயிறை எடுங்கோ, கிணத்தில தண்ணி அள்ளுற கயிறு. கன நாள் இழுத்து இழுத்து அதின்ர மேல் நார் எல்லாம் பிரிஞ்சு மயிர் மயிரா நிக்கும், அது நைஞ்சு போனது. இன்னும் கொஞ்சக் காலம் போக, பாக்கக் கயிறு மாதிரித்தான் இருக்கும் ஆனா உள்ளுக்குப் பலம் இருக்காது, இழுத்தா எப்ப விடும் எண்டு தெரியாது, அது இத்துப்போனது. கடைசியா வாளியோட போய்க் கிணத்துக்க விழும், அது அறுந்தது. முதல் ரெண்டும் மெல்ல நடக்கிறது, கடைசி ஒரு நொடி. அம்மம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கயிறைக் கையால உருவிப் பாப்பா, நைஞ்சிருந்தா ஒண்டும் சொல்லமாட்டா, இத்துப்போச்சு எண்டு சொன்னா அண்டைக்கே வேற கயிறு வாங்கவேணும்.

இத்து எண்டுறது எழுத்தில இற்று, இறுதல் எண்ட பழைய வினை, முறிஞ்சு முடியிறது எண்ட கருத்து, இறுதி எண்ட சொல்லும் அதே அடிதான். அதால இத்துப்போச்சு எண்டு சொல்லுறதில முடிவு கிட்ட வந்திட்டுது எண்ட ஒரு எச்சரிக்கை இருக்கு. பழைய சீலையை மடிச்சு அலுமாரியில பத்து வருசம் வைச்சிட்டு எடுத்தா மடிப்பு மடிப்பா விடும் பாருங்கோ, ஆரும் கட்டினதுமில்லை உரஞ்சினதுமில்லை, அதைத் தேஞ்சது எண்டு சொல்ல ஏலாது, இத்துப்போனதுதான்.

உக்கிறதுக்கு ஈரம் வேணும். ஈரம், காலம், கண்ணுக்குத் தெரியாத கிருமி, பூஞ்சணம், இவ்வளவும் சேந்து மரத்தையோ இலையையோ மண்ணாக்கிற வேலை. மாரி முடியத் தை மாசம் வேலிக் கதியாலைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தா அடியில உக்கியிருக்கும், மேல நல்லாயிருக்கும், ஏனெண்டா ஈரம் அடியிலதான். கையில எடுத்தா பிட்டு மாதிரி உதிரும்.

உளுத்தது எண்டா பூச்சி வேலை. உளுத்த மரம் வெளியில வடிவாத்தான் இருக்கும், நிலத்தில மா மாதிரித் தூள் கொட்டியிருக்கிறதைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறது. கறையான் வேற, அது மண் புத்துக் கட்டிக்கொண்டு வரும், கறையானை "அரிச்சது" எண்டுதான் சொல்லுவம், உளுத்தது எண்டு சொல்லமாட்டம்.

பனைமரம் இதில தனி. மற்றக் கன மரங்களுக்கு வைரம் நடுவில, பனைக்கு வைரம் வெளிப்பக்கம், நடு மெத்தெண்ட சோத்தி. தொல்காப்பியம் புறக்காழ், அதாவது வெளி வைரம், உடையதைப் புல் எண்டும் அகக்காழ் உடையதை மரம் எண்டும் பிரிச்சது இதைத்தான், அந்தக் கணக்கில எங்கட பனை ஒரு புல்லு. அதால விழுந்த பனையை விட்டா நடுவால உக்கிப் போய் வெளிக்கோது நிக்கும், எங்கட ஆக்கள் உக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காமத் தாங்களே நடுவைக் கோதிப் பீலியாப் போட்டுத் தண்ணி ஓட விட்டவை. வைரம் பாஞ்ச பனஞ்சிலாகை ஓட்டுக் கூரையில ரெண்டு மூண்டு தலைமுறைக்கு நிக்கும். ஒழுக்கு வந்த இடத்தில மட்டும் உக்கும்.

மக்கும் குப்பையா, உக்கும் கழிவா?

தமிழ்நாட்டில மக்கும் குப்பை, மக்காத குப்பை. இலங்கையில உக்கும் கழிவு, உக்காத கழிவு, குப்பைத் தொட்டியிலயும் அப்பிடித்தான் எழுதியிருக்கும். ரெண்டும் சரி. எங்கட பக்கம் மக்கு எண்டா படிப்பு வராத ஆள் எண்ட கருத்துத்தான் முதல்ல வரும், அதால பிள்ளையள் சிரிக்கினம்.

துருவா, கறளா?

புத்தகத்தில துரு, வீட்டில கறள். கறள் பிடிச்ச ஆணி, கறள் திண்ட பைப். கடல் கிட்ட இருக்கிற ஊரில கறள் கெதியாப் பிடிக்கும், உப்புக்காத்துத்தான் காரணம், இரும்புக்குக் காத்தும் ஈரமும் காணும், உப்பு அதைக் கெதிப்படுத்தும். எங்கட வீட்டுச் சீலிங்கில கொங்கிறீற் பொரிஞ்சு விழுந்தது, மேசன் வந்து பாத்திட்டு "உள்ளுக்குக் கம்பி கறள் பிடிச்சு ஊதிப்போச்சு" எண்டார். அது உண்மைதான், இரும்பு கறளாகேக்க முந்தி இருந்ததை விடக் கூட இடம் எடுக்கும், அந்த ஊதல்தான் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். ஆக கறள் எண்டுறது முதல்ல கூடி பேந்து குறையிறது, தேயுறதுக்கு நேர் மாறு. கறள் பிடிச்சதைப் போய்த் தேஞ்சது எண்டு சொன்னா கம்பியைப் பாக்காமப் பூச்சை மட்டும் பூசிப்போட்டுப் போயிடுவினம், ரெண்டு வருசத்தில திருப்பி விழும்.

அரிக்கிறது எண்ட சொல்லுக்கு ஏன் இவ்வளவு அர்த்தம்?

கை அரிக்கும், அரிசியை அரிக்கன்சட்டியில போட்டுக் கல்லு அரிப்பம், கறையான் பலகையை அரிக்கும், கடல் கரையை அரிக்கும், கவலை மனசை அரிக்கும். இதுகளில பொது என்னெண்டா கொஞ்சம் கொஞ்சமா, விடாம, ஓரத்திலயோ உள்ளாலயோ எடுக்கிறது. தேயுறதில முழு மேற்பரப்பும் ஒண்டாக் குறையும், அரிக்கிறதில ஓட்டை விழும், அடியால குடையும், மேல நிக்கிறது ஒருநாள் பொத்தெண்டு விழும். கடலரிப்பில தென்னை சாயிறதைப் பாத்தா விளங்கும், தென்னைக்கு ஒண்டும் நடக்கேல்லை, அடி மண்தான் போனது.

மரக்கறி அரியிறது வேற வினை, அரிஞ்சன் எண்டு வரும், மற்றது அரிச்சது எண்டு வரும். அரிக்கன் லாம்பு இதோட சேராது, அது ஹரிக்கேன் எண்ட ஆங்கிலச் சொல்லு எங்கட வாயில மாறினது.

கல்லுக் கரையுமா?

கரையும், நாங்கள் கரைஞ்ச கல்லுக்கு மேலதான் இருக்கிறம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில சுண்ணாம்புக்கல்லு. மழைத்தண்ணி காத்திலயும் மண்ணிலயும் இருக்கிற காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு இறங்கேக்க லேசான அமிலமா மாறுது, அது வெடிப்புகளுக்குள்ளால போய் ஆயிரக்கணக்கான வருசமாக் கல்லைக் கரைச்சு உள்ளுக்குக் குகையும் குழியுமாக்கி வைச்சிருக்கு. புத்தூருக்குக் கிட்ட இருக்கிற நிலாவரைக் கிணறு அப்பிடி வந்ததுதான், மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்புத்தண்ணி. அதைத் தேஞ்ச கிணறு எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், கல்லு தண்ணிக்குள்ள போயிட்டுது, அதுதான் கரையிறது.

இந்தச் சொல்லுகளுக்குள்ள கரையிறதுக்கு மட்டும் ஒரு விசேசம் இருக்கு, கரைஞ்சது திரும்பி வரும். எங்கட கிணத்துத் தண்ணியைக் கேத்தில்ல கொதிக்க வைச்சா அடியில வெள்ளையாப் படியுதே, அது நிலத்துக்குக் கீழ கரைஞ்ச அதே கல்லுத்தான், கொதிக்கேக்க அந்த வாயு வெளியேறக் கல்லுத் திரும்பிப் படியுது. உக்கினது மரமா வராது, தேஞ்ச இரும்பு வராது. அம்மா கேத்தில் சுரண்டுறதைப் பாக்கேக்கயெல்லாம் எனக்கு நிலாவரைதான் ஞாபகம் வரும்.

சவுக்காரம் கரையிறது, காசு கரையிறது எல்லாம் இந்தச் சொல்லுத்தான். காசுக்கு "குந்தித் திண்டா குன்றும் மாளும்" எண்டும் சொல்லுவினம். காகம் கரையிறது வேற.

சோதினையில தேய்மானம் எண்டு எழுதலாமோ?

ஒரு சொத்தின்ர பெறுமதி வருசா வருசம் குறையிறதுக்கு இலங்கைக் கணக்கீட்டுப் பாடத்தில பெறுமானத்தேய்வு, தமிழ்நாட்டுப் புத்தகத்தில தேய்மானம். இங்க சோதினை எழுதிற பிள்ளை பெறுமானத்தேய்வு எண்டே எழுதட்டும், அது நல்ல சொல்லும்தான், லொறி தேயாம நிண்டாலும் அதின்ர பெறுமானம் தேயும் எண்டதைச் சொல்லிலயே வைச்சிருக்கு. புவியியலிலயும் இப்பிடித்தான், பாறை வெயிலிலயும் மழையிலயும் உடைஞ்சு உதிருறதுக்கு இங்க வானிலையாலழிதல், அங்க வானிலைச் சிதைவு.

முழங்கால் தேய்மானம் எண்டு இப்ப இங்கயும் சொல்லுகினம். அங்க தேயுறது எலும்புக்கு முனையில இருக்கிற வழுவழுப்பான கசியிழையம், தமிழ்நாட்டில அதைக் குருத்தெலும்பு எண்டுவினம்.

பழைய வீடுகளைப் பற்றி எழுதேக்க எந்தச் சொல்லைப் பாவிக்கிறது?

இதை மருமகள் கேட்டவள், பள்ளிக்கூடத்துக்கு அம்மாவின்ர ஊரைப் பற்றி எழுதவேணுமாம். எங்கட மாமியாக்களின்ர வீடு வலிகாமம் வடக்கில, 1990இல சண்டையால எழும்பிப் போனவை, கன வருசத்துக்குப் பிறகுதான் போய்ப் பாக்க விட்டது. அவள் எழுதியிருந்தாள் "வீடு உக்கிப்போய் இருந்தது" எண்டு. நான் சொன்னன், பிள்ளை, ஒவ்வொண்டாப் பார். சுவரில ஆலமரம் வேர் விட்டு வெடிச்சிருக்கு, அது காலம் செய்தது. பூச்சு பொருக்குப் பொருக்கா உதிர்ந்திருக்கு, அதுவும் காலம். ஆனா ஓடும் சிலாகையும் கதவு நிலையும் இல்லை, அது உக்கினா அடியில எச்சம் கிடக்கும், ஒண்டும் கிடக்கேல்லை, அப்ப அது கழட்டினது. பின் அறை இடிஞ்சதில்லை, இடிச்சது. உக்கிப்போச்சு எண்டு ஒரு சொல்லில எழுதினா மழையும் வெயிலும்தான் எல்லாம் செய்தது எண்டு வந்திடும், மாமி இருபது வருசத்துக்கு மேல வாடகை வீட்டில இருந்ததுக்குக் காரணம் மழை இல்லையே. அவள் திருப்பி எழுதினாள், மூண்டு சொல்லுப் போட்டு.

ஏடுகளுக்கு என்ன சொல்லு?

செல்லரிச்ச ஏடு. இதில சிறுப்பிட்டியில 1832இல பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைச் சொல்லாம விட ஏலாது. 1887இல கலித்தொகையைப் பதிப்பிச்சவர், ஏடுகளின்ர நிலையைப் பற்றி அவர் எழுதினதில ஏட்டை எடுக்கேக்க ஓரம் "சொரிகிறது", கட்டை அவிழ்க்கேக்க இதழ் "முரிகிறது", ஒற்றையைப் புரட்டேக்க துண்டு துண்டாய்ப் "பறக்கிறது" எண்டு வரும். ஓலை உதிர்ந்துபோச்சு எண்டு ஒரு வரியில விட்டிருக்கலாம், அவர் விடேல்லை, கை எங்க பட்டா எது போகுது எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு வினை வைச்சார். வாசிக்கேக்க எனக்குக் கை நடுங்கும்.

மனிசருக்கு?

மாடா உழைச்சு ஓடாத் தேஞ்ச மனிசன் எண்டு சொல்லுவம். நோயால எண்டா மெலிஞ்சு போனார். யோசனையால எண்டா உருகிப்போனார். தேஞ்சு போனார் எண்டு சொன்னா அதில ஒரு மரியாதை இருக்கு, ஆருக்கோ உரஞ்சிக் குடுத்துத்தான் குறைஞ்சவர் எண்டு அர்த்தம், சந்தனக்கட்டை மாதிரி.

கத்தி தேஞ்சதா, மழுங்கினதா?

மழுங்கினா தீட்டலாம். தேஞ்சா வேற கத்தி. தீட்டித் தீட்டியே தேஞ்ச கத்தி எல்லா வீட்டிலயும் ஒண்டு இருக்கும், அதுதான் மீன் வெட்ட நல்லது. அம்மியும் வழுக்கத் தொடங்கினா அம்மி பொழியிற ஆள் வந்து உளியால கொத்திக் குடுப்பார், முதல் நாள் அரைக்கிற சம்பலில கல்லுக் கடிபடும், அதால முதல்ல உமியோ தவிடோ போட்டு அரைச்சுக் கழுவோணும்.

குளம் தூர்ந்து போச்சு எண்டுறதும் இந்த வகையா?

இல்லை, அது நிரம்புறது. மண் வந்து சேந்து ஆழம் இல்லாமப் போறது. மண்ணரிப்பு நடந்த இடத்தில மண் குறைய, அந்த மண் வந்து விழுந்த இடம் தூரும். ஒரு மழையின்ர ரெண்டு பக்கம்.

சொல்லே தேஞ்சு போகுமா?

போகும், அதுக்கு மருவுறது எண்டு பேர், நன்னூல் மரூஉ எண்டு சொல்லுது. அதுவும் உரசல்தான், ஆயிரம் வாயில பட்டுப் பட்டுக் குறையிறது. சாவகச்சேரி சாவச்சேரி ஆச்சு, யாழ்ப்பாணம் யாப்பாணம் ஆச்சு. கடிதத்தில பருத்தித்துறை எண்டு எழுதிற என்ர அப்பாவே பஸ்ஸுக்குக் கை காட்டேக்க "பருத்துறையோ?" எண்டுதான் கேப்பார், கொண்டக்டரும் "ஓம், பருத்துறைதான், ஏறுங்கோ" எண்டுவார்.